பரணில் இருக்கும் ஸ்லைடுகள்: ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்தலும் கையாளுதலும்

ஸ்கேனர் வாங்கக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் எத்தனை டி.பி.ஐ. என்று சொல்வார். உங்கள் ஸ்லைடுகளில் எத்தனை பூஞ்சை பிடித்தவை, எத்தனை கண்ணாடிக்குள் இருப்பவை, எத்தனை கோடாக்ரோம் பிலிம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்யும்.

மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் ஸ்லைடு இருந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு தொழிற்சாலையோ கல்லூரியோ காரணமாக இருக்கும். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய எண்ணூர் அசோக் லேலண்டு, 1955இல் வந்த திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆகியவற்றில் வேலை பார்த்து, பயிற்சிக்கு வெளிநாடு போய்வந்தவர்கள் எடுத்தவை ஒரு வகை. வகுப்பில் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை இன்னொரு வகை. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. பவர்பாயின்ட் வருவதற்கு முன் பாடம் எடுத்த எந்தக் கால்நடைப் பேராசிரியரின் பீரோவிலும் ஸ்லைடு டிரே இல்லாமல் இருக்காது. முதல் வகையில் மனிதர்களும் ஊர்களும் இருக்கும், நிறம் முக்கியம். இரண்டாம் வகையில் நோயுற்ற ஈரலோ நுண்ணோக்கிப் படமோ இருக்கும், நுணுக்கம் முக்கியம். இரண்டையும் ஒரே அமைப்பில் ஓட்டாதீர்கள்.

முதல் வேலை: பிரித்து எண்ணுதல்

1. வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. டிரேசிங் பலகை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

2. பெட்டி பெட்டியாகப் பரப்புங்கள். வரிசையைக் கலைக்காதீர்கள். எடுத்தவர் அடுக்கிவைத்த வரிசையே பல நேரம் நமக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு.

3. துடைப்பதற்கு முன்பே, மவுண்டின் (பிலிமைப் பிடித்திருக்கும் அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்தின்) இருபக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். பேனாவில் எழுதிய பெயரும் தேதியும் சுத்தம் செய்யும் திரவம் பட்டால் கரைந்துவிடும். கோடாக் மவுண்டுகளில் டெவலப் செய்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பது உண்டு, அதுவும் பதிவாகட்டும்.

4. ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: நல்ல நிலையில் உள்ளவை, தூசி மட்டும் படிந்தவை, பூஞ்சை பிடித்தவை, கண்ணாடி மவுண்ட், கோடாக்ரோமும் கருப்பு வெள்ளையும்.

5. வேண்டாதவற்றை ஒதுக்குங்கள். ஒரே காட்சி நான்கு இருந்தால் ஒன்று போதும். விமானத்தின் ஜன்னலில் தெரிந்த மேகத்தை யாரும் கேட்கப்போவதில்லை. ஒதுக்கினால் போதும், தூக்கிப் போடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். 600 ஸ்லைடு இருக்கிறது என்று நினைத்தவரிடம் ஸ்கேன் செய்யத் தகுந்தவை 200தான் தேறும். அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பிலிம் வகையை ஏன் பார்க்க வேண்டும்

நல்ல பிலிம் ஸ்கேனர்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி உண்டு. ‘ஐஸ்’ என்றும் ‘ஐ.எஸ்.ஆர்.டி.’ என்றும் அதற்குப் பெயர். சாதாரணக் கலர் பிலிமின் சாயங்கள் வழியே அகச்சிவப்பு ஊடுருவும். தூசியும் கீறலும் தடுக்கும். தடுக்கும் இடத்தை மென்பொருள் நிரப்பிவிடும். கருப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பைத் தடுப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து மென்பொருள் தின்றுவிடும். கோடாக்ரோமிலும் இந்தத் தொல்லை உண்டு. விளிம்புகள் பிய்ந்தது போல் வரும். உங்கள் பெட்டி முழுக்கக் கோடாக்ரோம் என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

1935இல் வந்த கோடாக்ரோமின் தயாரிப்பு 2009இல் நின்றது. நிறத்தை இருட்டில் நன்றாகக் காப்பாற்றும் பிலிம் அது. பழைய எக்டாக்ரோமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் படம் செம்மை தட்டிப்போயிருக்கும். 1970, 80களில் இந்தியாவில் நிறையப் புழங்கிய கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிமும் நிறம் சாய்ந்தே கிடைக்கும். சாய்ந்த நிறத்தைக் கணினியில் பெருமளவு மீட்கலாம். அதற்கு 16 பிட் கோப்பு வேண்டும், ஜேபெக் போதாது.

எந்தக் கருவி

தனி பிலிம் ஸ்கேனர். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ போன்றவை. ஒரு சட்டத்தில் நான்கு ஸ்லைடுகளை வைத்து, கையால் தள்ளித் தள்ளி ஸ்கேன் செய்ய வேண்டும். பெட்டியில் 7200 டி.பி.ஐ. என்று போட்டிருக்கும், உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதியளவுதான். அது போதும். 24க்கு 36 மி.மீ. ஸ்லைடை 3200 டி.பி.ஐ.யில் எடுத்தால் சுமார் 4500க்கு 3000 பிக்சல், அதாவது 13 மெகாபிக்சலுக்கு மேல் வரும். கையில் பிடித்து எடுத்த குடும்பப் படத்தில் அதற்கு மேல் விவரம் இருப்பது அபூர்வம்.

தட்டை ஸ்கேனர். எப்சன் வி600, வி850 போன்றவற்றின் மூடியில் விளக்கு இருக்கும். வி600இல் ஒரே நேரத்தில் 4 ஸ்லைடு, வி850இல் 12 ஸ்லைடு வைக்கலாம். வி600இல் உண்மையான நுணுக்கம் ஏறக்குறைய 1500 டி.பி.ஐ.தான். டி.வி.யில் பார்க்கவும் சிறிய பிரிண்ட் போடவும் சரி. ஸ்லைடோடு ஆல்பப் படங்களும் வீட்டுப் பத்திரங்களும் இருந்தால் இதுவே சிக்கனம்.

கேமராவும் மேக்ரோ லென்ஸும். வீட்டில் ஏற்கெனவே டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா இருந்தால் என் முதல் பரிந்துரை இதுதான். ஸ்லைடு ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. செலவு மேக்ரோ லென்ஸுக்கும் நல்ல விளக்குக்கும் மட்டும். தூசியைத் தானே அழிக்கும் வசதி இதில் இல்லை. எனவே சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது.

பழைய நிக்கான் கூல்ஸ்கேன். படத் தரத்தில் இதற்கு இன்றும் மதிப்பு உண்டு. 5000 இ.டி. மாடலுக்கு 50 ஸ்லைடு வரை தானே தள்ளிவிடும் ஃபீடரும் இருந்தது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், பழுது பார்க்க ஆள் தேட வேண்டும். இயக்கிக் காட்டாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். ஓரம் நைந்த அட்டை மவுண்டுகள் ஃபீடரில் சிக்கிக்கொள்ளும்.

சின்னத் திரை வைத்த, கணினியே தேவைப்படாத மலிவுப் பெட்டிகளும் விற்கின்றன. உள்ளே இருப்பது ஒரு சாதாரணக் கேமரா. வெயில் பட்ட வெள்ளைச் சட்டை வெளுத்துப்போகும், நிழலில் நிற்பவர் முகம் இருண்டுபோகும், ஜேபெக் மட்டுமே கிடைக்கும். எந்த ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட உதவும், அவ்வளவுதான்.

குறிப்பு: 200க்குக் குறைவாக இருந்து, கேமராவும் இல்லையென்றால் கருவி வாங்கவே வேண்டாம். நல்ல ஸ்டுடியோவில் கொடுங்கள். முதலில் ஐந்து ஸ்லைடு மட்டும் கொடுத்து, 16 பிட் டிஃப் கோப்பாக வாங்கிப் பாருங்கள். ‘ஜேபெக் மட்டும்தான் தருவோம்’ என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். மொத்தமாகக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

சுத்தம் செய்தல்: இங்கேதான் ஸ்லைடு சாகும்

கடற்காற்றின் ஈரமும் லாரிச் சாலைத் தூசியும் வடசென்னையின் இரண்டு பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். தை பிறந்த பிறகு தொடங்குங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சென்னையில் இதைச் சொல்வது எளிது என்பது எனக்கும் தெரியும். விடிகாலையில் உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும்.

தூசி மட்டும் இருந்தால்:

1. நைட்ரைல் அல்லது பருத்திக் கையுறை போடுங்கள். ஸ்லைடை மவுண்டின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

2. கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் இருபக்கமும் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அந்தப் புள்ளியில் பூஞ்சை வளரும்.

3. போகாத தூசியை மெல்லிய, புதிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள்.

பெரும்பாலானவற்றுக்கு இது போதும். திரவத்தைத் தொட வேண்டியது கைரேகைக்கும் பூஞ்சைக்கும்தான்.

பூஞ்சை பிடித்திருந்தால்:

ஸ்லைடைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கலானது மருந்துப் பக்கம். படம் இருப்பது அங்கேதான். மருந்தில் இருப்பது ஜெலட்டின். பூஞ்சை அதைத்தான் தின்கிறது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஈரத்துணியை வைத்துத் துடைத்தால் பூஞ்சையோடு படமும் துணியில் வந்துவிடும்.

1. வெளிக்காற்று வரும் இடத்துக்கு மாறுங்கள். என்-95 முகக்கவசம் கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

2. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். மின்னணுப் பலகை துடைக்க அது தேவைப்படுவதால் ரிச்சி தெருவில் கிடைக்கும். நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். கைகழுவும் சானிடைசர் வேண்டவே வேண்டாம். 70 சதவீதம் என்று போட்டிருந்தால் மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர்.

3. ஒதுக்கி வைத்த ஸ்லைடு ஒன்றின் ஓரத்தில் முதலில் சோதியுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பளபளப்பான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மருந்துப் பக்கத்தில் அழுத்தம் கொடுக்காமல் ஒரு முறை இழுத்துக் குச்சியை மாற்றுங்கள். ஒரே குச்சியால் தேய்த்தால் ஒட்டிய துகளே கீறும்.

5. முழுக்கக் காய்ந்த பிறகே ஸ்கேனரில் வையுங்கள்.

வேர் விட்ட இடம் நட்சத்திரம் போல் தெரிந்துகொண்டே இருக்கும். பூஞ்சை தின்றுவிட்ட மருந்து மீளாது. அதைக் கணினியில் ஒட்டுப்போட வேண்டியதுதான். கையால் விடாப்பிடியாகத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது.

பாதுகாப்பு: ஐசோபுரோபைல் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். சமையலறை, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் அதே அறையில் இருக்கக் கூடாது. நனைந்த பஞ்சைக் குப்பையில் குவிக்காமல் வெளியே உலரவிட்டுப் போடுங்கள். பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுங்கள். பழைய போட்டோ சாமான்களோடு கார்பன் டெட்ராகுளோரைடு பாட்டில் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிலிம் துடைக்கப் பயன்பட்ட அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு.

பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் பிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, வரிசையில் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

வெள்ளத்தில் நனைந்தவை

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. புதிதாக நனைந்த ஸ்லைடுக்கு விதியே வேறு. அதை அப்படியே காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மவுண்டிலிருந்து பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, மருந்துப் பக்கம் மேலே இருக்கும்படி தூசியில்லாத இடத்தில் தனித்தனியாக உலர்த்துங்கள். கண்ணாடி மவுண்டை உடனே பிரியுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்து அன்றே முடிக்க முடியாவிட்டால் குளிர்ந்த நீரிலேயே மூழ்கவைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெய் கலந்த நீரில் நனைந்தவற்றை நீங்களே தொடாமல் அனுபவமுள்ள பிலிம் லேப் ஒன்றில் காட்டுங்கள். 2023இல் எண்ணூர்க் கழிமுகம் ஓரம் பல வீடுகளில் இந்த நிலைதான்.

நனைந்து காய்ந்து, பின்னர் பூஞ்சை பூத்தது என்றால் மீண்டும் தண்ணீர் கூடாது. மேலே சொன்ன ஆல்கஹால் முறைதான்.

ஸ்கேன் செய்யும் முறை

1. ஸ்லைடைச் சட்டத்தில் வைக்கும் திசையைக் கையேட்டில் பாருங்கள். முன்னோட்டம் வந்ததும் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். கடைப்பலகையோ பஸ் நம்பரோ இடவலம் மாறிக் கண்ணாடி எழுத்தாகத் தெரிந்தால் ஸ்லைடைத் திருப்புங்கள். எழுத்தே இல்லாவிட்டால் புடவைத் தலைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் இடது தோளில்தான் இருக்கும்.

2. மென்பொருளில் ‘பாசிட்டிவ்’ அல்லது ‘ஸ்லைடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் இரண்டிலுமே இதற்கான தேர்வு உண்டு.

3. 48 பிட் கலர் (நிறம் ஒன்றுக்கு 16 பிட்), டிஃப் கோப்பு. சாதாரணப் படத்துக்கு 3200 டி.பி.ஐ.யை ஒட்டிய அளவு. நுண்ணோக்கிப் படத்துக்குக் கருவியின் உச்சம். 3200இல் ஒரு கோப்பு சுமார் 80 எம்.பி., 500 ஸ்லைடுக்கு 40 ஜி.பி. அதையே 7200இல் எடுத்தால் கோப்பு ஒன்று 400 எம்.பி.யைத் தாண்டும்.

4. கூர்மையாக்கும் வசதி, தானியங்கி நிறத்திருத்தம் இரண்டையும் அணைத்துவையுங்கள். பின்னால் நீங்களே செய்துகொள்ளலாம். ஸ்கேனர் செய்ததை நீக்க முடியாது.

5. ஹிஸ்டோகிராமின் இருமுனையும் வெட்டுப்படாமல் பாருங்கள். இருண்ட ஸ்லைடுக்கு ‘மல்டி எக்ஸ்போஷர்’ கொடுங்கள்.

6. அகச்சிவப்புத் தூசி நீக்கத்தைச் சாதாரணக் கலர் பிலிமுக்கு மட்டும், மிதமான அளவில் கொடுங்கள்.

7. முதல் பத்து ஸ்லைடு முடிந்ததும் நிறுத்தி, கணினியில் முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் தெளிவாகவும் நடு மங்கலாகவும் இருந்தால் அட்டை மவுண்ட் வளைந்திருக்கிறது. பிளாஸ்டிக் மவுண்டுக்கு மாற்றுங்கள். கண்ணாடி மவுண்டில் வானவில் வளையங்கள் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றி ஸ்கேன் செய்யுங்கள்.

ஒன்றுக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் 300 ஸ்லைடுக்கு 20 மணி நேரம். தினமும் ஒரு பெட்டி என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக முடிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் மூன்றாம் பெட்டியில் தூசி பார்ப்பதை விட்டுவிடுவார்கள். மின்தடை வந்தால் பாதி ஸ்கேன் போய்விடும்; சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால் நல்லது.

கேமராவில் எடுப்பவர்களுக்கு

ஸ்லைடு வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைத் திருத்துங்கள். கேமராவும் ஸ்லைடும் இணையாகிவிடும். எஃப்8, ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு, 2 நொடி டைமர். விளக்கு நிறக்குறியீடு (சி.ஆர்.ஐ.) 95க்கு மேல் உள்ள எல்.இ.டி.யாக இருக்கட்டும். செல்போன் திரையை விளக்காக வைத்தால் அதன் பிக்சல் கட்டங்கள் படத்தில் விழும். வேறு வழியில்லை என்றால் நடுவே பால்நிற அக்ரிலிக் தகடு வைத்து, ஸ்லைடை அதிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

மணலி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேசை அதிரும். எல்.இ.டி.க்குப் பதில் ஃபிளாஷைப் பயன்படுத்தினால் அந்த அதிர்வு படத்தில் விழாது.

ஒரு துணுக்கு: தியேட்டர்களில் இடைவேளையில் போட்ட விளம்பரக் கண்ணாடி ஸ்லைடுகள் யாரிடமாவது கிடைத்தால் கேமரா முறைதான் கைகொடுக்கும். பெரிய வகை 8 செ.மீ.க்கு மேல் அகலம். வி600இன் விளக்குச் சாளரத்தின் அகலம் 7 செ.மீ.கூட இல்லை. 1967இல் தொடங்கிய தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இல் மூடப்பட்டது. அப்படி மூடிய தியேட்டர்களின் ஸ்லைடுகள் கையில் வந்தால் கையால் எழுதிய விளம்பரங்களைத் துடைக்காதீர்கள். மேலே இருக்கும் சாயமே படம். ஆல்கஹால் பட்டால் போய்விடும்.

பெயர், தேதி, பிரதிகள்

கோப்புக்கு எண் மட்டும் வையுங்கள்: மூன்றாம் பெட்டி, பதினேழாம் ஸ்லைடு என்றால் 03-017. அதே எண்ணை மவுண்டில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். விவரத்தை ஒரு விரிதாளில் எழுதுங்கள். அப்பாவோ பெரியம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லும்போது குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தட்டச்சு செய்வதற்குள் அவர்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

தேதி தெரியாவிட்டால் படத்தைத் துழாவுங்கள். வண்டி எண்ணில் டி.என். என்பதை அடுத்து உடனே இரண்டு இலக்க வட்டார எண் வந்தால் 1989க்கு முந்தையதாக இருக்க முடியாது. பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முன். எண்ணூர் அனல்மின் நிலையம் தெரிந்தால் அது 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டதை நினைவில் வையுங்கள். ஊகமாகப் போட்ட ஆண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

பிரதி மூன்று வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. மூன்றாவதைப் பக்கத்துத் தெரு உறவினரிடம் கொடுத்தால் அதே வெள்ளம் அங்கேயும் வரும். கிளவுடில் ஏற்றலாம், அல்லது கோவையிலோ திருச்சியிலோ இருக்கும் தம்பியிடம் கொடுத்துவைக்கலாம்.

அசல் ஸ்லைடுகள்

ஸ்கேன் ஆகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பாலிபுரோப்பிலீன் உறைகளில் போடுங்கள், பி.வி.சி. உறை காலப்போக்கில் பிலிமில் ஒட்டும். அந்துருண்டையும் கற்பூரமும் அதே பெட்டியில் கூடாது. பரண் வேண்டாம், அங்கே வெக்கை. தரைத்தளத்தின் கீழ்த்தட்டும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, சுவரில் ஒட்டாமல், பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.